அணிந்துரை முதல் ஏற்புரை வரை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வட்டுக்கோட்டை வாசகர் ஒருவர், நூல் வெளியீட்டோடு சம்பந்தப்பட்டவர்கள் வழங்கும் சொற்களுக்குப் பகிடியாக ஓர் அகராதி செய்தால் என்ன என்று கேட்டிருந்தார். அக்கடிதம் வெளியான பின்னர் வந்து சேர்ந்த மடல்களில் பகிடியும் உண்மையான சந்தேகமும் கலந்தே இருந்தன. இரண்டுக்கும் ஊற்று ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஒரு சொல் வழக்கில் இருக்க, அச்சொல் குறித்த வேலையைச் செய்ய ஆளில்லாமற் போகும்போதுதான் வாசகருக்குச் சிரிப்பு வருகிறது. ஆகவே இம்முறை பகிடிகளை ரசிப்பதோடு நில்லாமல், அவை தொட்டுக் காட்டிய வேலைகளைப் பற்றியும் எழுதுகிறேன்.

கேள்வி: ‘அணிந்துரை: நூலை வாசிக்காமலே எழுதக்கூடிய ஒரே இலக்கிய வடிவம்.’ எங்கள் வீட்டு அகராதியில் இதுதான் முதற் சொல். அண்மையில் வாங்கிய கவிதைத் தொகுதி ஒன்றில் ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, முன்னுரை, பதிப்புரை, என்னுரை எல்லாவற்றையும் கடந்து முதற் கவிதைக்கு வருவதற்குள் களைத்துப் போனேன். இத்தனை உரைகளும் எதற்கு ஐயா?
(வாசகி, கோண்டாவில்)

பதில்: பகிடி விழ வேண்டிய இடத்தில்தான் விழுந்திருக்கிறது. ஆனாலும் அணிந்துரை என்ற வடிவத்தின் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு, அது நமக்குப் புதிதாக வந்த வழக்கமும் அன்று. நன்னூல் தன் முதற் சூத்திரத்திலேயே பாயிரத்துக்குரிய பெயர்களாக முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை என்பவற்றைச் சொல்கிறது. சிறப்புப் பாயிரத்தில் ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டும் விளங்க வேண்டும் என்றும் வகுக்கிறது. யார் எழுதலாம் என்பதற்கும் விதி இருக்கிறது: நூலாசிரியரின் ஆசிரியர், அவரோடு கற்றவர், அவருடைய மாணாக்கர், அந்நூலுக்கு உரை செய்தவர். இந்நால்வரும் நூலையோ ஆசிரியரையோ நெருங்கி அறிந்தவர்கள். எத்துறையில் எவ்வளவு வல்லவராயினும் தம்மைத் தாமே புகழ்வது தகாது என்பதனால்தான் இந்தப் பொறுப்புப் பிறரிடம் கொடுக்கப்பட்டது.

இன்று நம் நூல்களில் சமயப் பெரியவர் ஆசியுரையும், அரச அலுவலர் வாழ்த்துரையும், பேராசிரியர் அணிந்துரையும், நூலாசிரியர் என்னுரையும் எழுதுகிறார்கள். இவற்றுள் ஆசியும் வாழ்த்தும் நூலாசிரியருக்கு உரியவை, வாசகருக்கு அவற்றால் ஆவது எதுவுமில்லை. அவற்றை விழா மேடையில் வழங்கினாலே போதும் என்பது என் துணிபு. அணிந்துரையைப் பொறுத்தவரை குற்றம் எழுதுபவருடையது மட்டும் அன்று. அச்சகத்துக்குக் கொடுக்கும் வாரத்தில் இருநூறு பக்கப் பிரதியைக் கொண்டுபோய் நீட்டி, வரும் வெள்ளிக்கிழமைக்குள் தாருங்கள் என்று கேட்டால், எவ்வளவு நேர்மையான பேராசிரியரும் பொருளடக்கத்தைப் பார்த்துத்தான் எழுத நேரும். இரண்டு மாத அவகாசமும், குறை கண்டால் அதையும் எழுதலாம் என்ற சுதந்திரமும் கொடுத்துப் பாருங்கள். நன்னூலார் கேட்ட எட்டுப் பொருளும் தாமாகவே வந்து அமையும்.

கேள்வி: ‘பின்னட்டைக் குறிப்பு: ஆசிரியரைப் பற்றி ஆசிரியரே படர்க்கையில் எழுதுவது.’ சரிதானா?
(பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி)

பதில்: பல நூல்களைப் பொறுத்தவரை சரிதான், தம்பி. ஆங்கிலத்தில் இக்குறிப்புக்கு வழங்கும் பெயரே பகிடியாகப் பிறந்தது. 1907இல் ஜிலெட் பேர்ஜெஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர், தமது நூலின் மேலுறையில் பெலிண்டா பிளேர்ப் என்றொரு கற்பனைப் பெண்ணின் படத்தைப் போட்டு, அவள் அந்நூலை வாய் ஓயாமல் புகழ்வதாக அமைத்தார். பின்னட்டைப் புகழுரைக்குப் ‘பிளேர்ப்’ என்ற பெயர் அதன் பின்னர் நிலைத்துவிட்டது. நம் பின்னட்டைகளில் புகழ்ச்சியைவிடப் பிறந்த ஊர், படித்த பாடசாலை, வகித்த பதவி, பெற்ற விருது என்பனவே கூடுதலாக இடம்பிடிக்கின்றன. கடையில் நூலைத் திருப்பிப் பார்ப்பவருக்கு வேண்டியது, மேலே சொன்ன எட்டில் நுதலிய பொருளும் கேட்போரும். இதில் என்ன இருக்கிறது, இது யாருக்கு என்ற இரண்டையும் நான்கு வரியில் எழுதி, பதவிகளை உள்ளே ஒரு பக்கத்துக்கு அனுப்பிவிடலாம்.

கேள்வி: ‘வெளியீட்டாளர்: எழுத்தாளரின் பணத்தை வெளியே இடுபவர்.’ இது என் பேரனின் விளக்கம். பதிப்பாளர், பதிப்பாசிரியர், வெளியீட்டாளர், அச்சகத்தார் என்று நூல்களின் இரண்டாம் பக்கத்தில் காண்கிறோம். இவர்கள் யாவரும் வெவ்வேறு ஆட்களா, ஒருவரேதானா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, சுன்னாகம்)

பதில்: பேரனின் விளக்கத்தை இந்த மாதத்தின் சிறந்த பகிடியாகத் தெரிவு செய்கிறேன். அவருக்கு விடை சொல்ல உங்கள் சுன்னாகமே போதும், அம்மா. 1937இல் தொல்காப்பிய எழுத்ததிகாரம் நச்சினார்க்கினியர் உரையோடு அங்கிருந்து வெளிவந்தது. பாடத்தைத் திருத்தி விளக்கக் குறிப்புகள் எழுதியவர் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர். செலவையும் பொறுப்பையும் ஏற்று வெளியிட்டவர் ஈழகேசரிப் பத்திரிகையை நடத்திய நா. பொன்னையா. அச்சிட்டது திருமகள் அழுத்தகம். அழுத்தகமும் பொன்னையாவினுடையதே என்றாலும், அறிஞர் செய்யும் வேலை, முதல் போடுபவர் செய்யும் வேலை, அச்சுக்கூடம் செய்யும் வேலை ஆகிய மூன்றும் தனித்தனியே ஒழுங்காக நடந்தன. பதிப்பாசிரியர், வெளியீட்டாளர், அச்சகத்தார் என்ற மூன்று சொற்களுக்கும் வேண்டிய பொருள் இந்த ஒரு நூலிலேயே கிடைக்கிறது. ‘பதிப்பாளர்’ என்ற சொல்தான் முதல் இருவரையும் குறிக்குமாறு வழங்கி மயக்கம் தருகிறது. பணமும் பொறுப்பும் ஏற்றவரை வெளியீட்டாளர் என்றும், பாடத்துக்குப் பொறுப்பானவரைப் பதிப்பாசிரியர் என்றும் எழுதுவதே தெளிவு.

இந்த மரபு நம்மிடம் நெடுங்காலமாக இருந்தது. மானிப்பாயில் அமெரிக்க மிசன் 1834இல் அச்சுக்கூடம் அமைத்தது. அங்கிருந்துதான் 1841இல் உதயதாரகை என்ற பத்திரிகை வெளிவந்தது. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். எழுதுவதும் பரிசோதிப்பதும் அச்சிடுவதும் அவருடைய மேற்பார்வையிலேயே நடந்தாலும், பரிசோதனை என்ற கட்டத்தை அவர் ஒருநாளும் தவிர்த்ததில்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தபோது எழுதிய பதிப்புரைகளை வாசித்தால், அந்தச் சொல் அன்று எவ்வளவு பாரத்தைச் சுமந்தது என்பது விளங்கும். ஏடுகள் எங்கிருந்து கிடைத்தன, அவை எந்த நிலையில் இருந்தன, யார் உதவினார்கள், எவ்விடத்தில் பாடம் ஐயத்துக்குரியது என்பவற்றை அவர் மனம் நொந்தும் மகிழ்ந்தும் எழுதினார். இன்றைய பதிப்புரைகளிற் பல ஒரு பக்க நன்றியறிதலாகச் சுருங்கிவிட்டன.

இப்போது என்ன நடக்கிறது? நூலாசிரியர் தம் சேமிப்பை எடுத்து அச்சகத்துக்குப் போகிறார், வெளியீட்டாளர் என்ற இடத்தில் மனைவியின் பெயரையோ ஊரின் பெயரில் அமைந்த ஒரு வெளியீட்டகத்தின் பெயரையோ போடுகிறார். தம் பணத்தில் தம் நூலை வெளியிடுவது மதிப்புக் குறைவான காரியம் அன்று, ஈழத்துத் தமிழ் நூல்களிற் பெரும்பகுதி அப்படித்தான் நம் கைக்கு வந்தது. எனக்குள்ள வருத்தம் வேறு. இந்த ஏற்பாட்டில் செம்மையாக்கம் செய்பவருக்கு இடமே இல்லாமற் போய்விட்டது. இந்த அத்தியாயம் நீளம், இந்தப் பாத்திரம் நடுவில் காணாமற் போகிறது, இந்த ஆண்டு பிழை என்று அச்சுக்கு முன்னர் சொல்ல ஒருவர் வேண்டும். அவர் இல்லாதபோது அவற்றை அச்சுக்குப் பின்னர் விமர்சகர் சொல்கிறார், அப்போது எதையும் திருத்த முடியாது. அட்டைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியையாவது செம்மையாக்கத்துக்கு ஒதுக்கி, செய்தவரின் பெயரை இரண்டாம் பக்கத்தில் அச்சிடும் வழக்கம் வந்தால், உங்கள் பேரன் தமது விளக்கத்தை மாற்றி எழுத வேண்டி வரும்.

கேள்வி: ‘அச்சுப்பிழை: புறூவ் பார்க்கும்போது ஒளித்திருந்து, நூல் கட்டி வந்ததும் முதலாவதாகக் கண்ணில் படுவது.’ இதற்கு மருந்தே இல்லையா?
(கவிஞர், கரவெட்டி)

பதில்: முழு மருந்து இல்லை, பெருமளவு குறைக்க வழி உண்டு. எழுதியவர் தம் எழுத்தில் எழுத நினைத்ததையே காண்கிறார், தாளில் இருப்பதைக் காண்பதில்லை. அதனால்தான் அச்சகங்களிலும் பத்திரிகைக் காரியாலயங்களிலும் ஒப்புநோக்குநர் என்று தனியே ஒருவர் இருந்தார். ஒருவர் மூலப்பிரதியை உரத்து வாசிக்க மற்றவர் அச்சுப்படியைப் பார்த்துத் திருத்துவது பழைய முறை. அந்த முறையை வீட்டிலும் செய்யலாம், உங்கள் கவிதையை உங்கள் பிள்ளை வாசிக்கக் கேட்பதில் வேறு பயனும் இருக்கிறது.

நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். ஈழத்தில் நெடுங்காலமாகக் கணினித் தட்டச்சு பாமினி எழுத்துருவில் நடந்து வந்தது. ‘பேஜ்மேக்கர்’ போன்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் ஒருங்குகுறியை (யுனிகோட்) ஏற்காதமையால், நூல் வேலையில் பாமினி மேலும் பல காலம் நிலைத்தது. அதில் ‘ர்’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் அரவுக்குறியை (ா) அடித்து மேலே குற்றிட்டாலும் தாளில் ஒன்றுபோலவே தெரியும், கண்ணுக்குப் பிழை புலப்படாது. அதே கோப்பைப் பின்னர் ஒருங்குகுறிக்கு மாற்றினால், அந்த இடங்களில் எல்லாம் ‘ர்’ என்பதற்குப் பதில் அரவும் குற்றும் வந்து நிற்கும். ‘ஊர்’, ‘பேர்’, ‘அவர்’ என்று தேடினால் கணினி ‘இல்லை’ என்று சொல்லும். மின்னூலாக்கும் எண்ணம் இருப்பவர்கள் மாற்றிய கோப்பில் இந்த ஒரு பிழையை மட்டுமாவது தேடித் திருத்திவிட்டு, அதன் பின்னர் மெய்ப்புப் பார்க்கத் தொடங்குங்கள். தட்டச்சிட்டவரைக் குறை சொல்லாதீர்கள். விடிய விடிய இருந்து உங்கள் கையெழுத்தை விளங்கிக்கொண்டவர் அவர், பல நூல்களில் அவருடைய பெயர்கூட இடம்பெறுவதில்லை.

கேள்வி: பக்க வடிவமைப்பாளர் என் நாவலில் ‘விதவைகளும் அநாதைகளும் இருக்கின்றன, எடுக்க வேண்டும்’ என்றார். நான் போர்க்காலக் கதை எழுதியிருப்பதால் திடுக்கிட்டுப் போனேன்.
(நாவலாசிரியர், பருத்தித்துறை)

பதில்: உங்கள் கதைமாந்தருக்கு ஆபத்தில்லை. பந்தியின் கடைசி வரி தனித்துப் போய் அடுத்த பக்கத்தின் தலையில் நிற்பதும், பந்தியின் முதல் வரி மட்டும் பக்கத்தின் அடியில் தங்கிவிடுவதும் ஆங்கில அச்சுத் தொழிலில் இப்பெயர்களால் அழைக்கப்படுகின்றன. உற்றாரை இழந்தவர்கள் வாழும் ஊரில் இப்பெயர்களைச் சொல்ல மனம் வரவில்லை. ‘தனிவரி’ என்றால் வடிவமைப்பாளருக்கு விளங்கும்.

கேள்வி: ‘விற்றுத் தீர்ந்தது: எழுத்தாளரின் கட்டிலுக்குக் கீழே இடம் முடிந்துவிட்டது.’ ஐந்நூறு பிரதி அச்சிட்டேன். விழா நிரம்பி வழிந்தது. ஆனாலும் நட்டம். கணக்கு எங்கே பிழைத்தது?
(சிறுகதை எழுத்தாளர், சாவகச்சேரி)

பதில்: கணக்கைப் போட்டே பார்ப்போம், தொகைகள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. 500 பிரதிக்கு அச்சுச் செலவு 2,50,000 ரூபாய், விலை 1,000 ரூபாய் என்று வைப்போம். முன்னுரை எழுதியவர்கள், விமர்சகர்கள், நூலகங்கள், நெருங்கிய உறவினர் என்று 50 பிரதி இலவசமாகப் போகும். விழாவில் 150 பேர் வாங்கினால் 1,50,000 ரூபாய் வரும். கடைகளுக்குக் கொடுத்த 100 பிரதியும் விற்று, கடைக்காரர் 35 வீதம் கழிவு எடுத்தால் உங்களுக்கு 65,000 ரூபாய். வரவு மொத்தம் 2,15,000. மண்டபம், அழைப்பிதழ், சிற்றுண்டி, போக்குவரத்து எதையும் சேர்க்காமலே 35,000 ரூபாய் துண்டு விழுகிறது, 200 பிரதி கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. இலாபம் அந்த 200 பிரதிக்குள்தான் அடைபட்டிருக்கிறது, அதை வாசகரிடம் கொண்டுசேர்க்கும் வேலைக்குப் பெயர் விநியோகம்.

ஓப்செற் அச்சில் பிளேட் செய்வதும் யந்திரத்தை ஆயத்தப்படுத்துவதும் ஒரே செலவு என்பதால், பிரதிகள் கூடக்கூட ஒரு பிரதியின் அடக்கவிலை குறையும். அந்தக் குறைந்த அடக்கவிலையில் மயங்கி, ‘இன்னும் கொஞ்சம் கொடுத்தால் ஆயிரமே அடிக்கலாம்’ என்ற பேச்சுக்கு இணங்குபவர்கள்தான் அதிகம் இடர்ப்படுகிறார்கள். உங்கள் வாசகர் 200 பேர் என்று தெரிந்தால், அடக்கவிலை கூடினாலும் டிஜிற்றல் அச்சில் 200 பிரதி எடுத்து, தேவைப்படும்போது மீண்டும் எடுப்பதே நல்லது. பக்க எண்ணிக்கையையும் கவனியுங்கள். பெரிய தாளை மடித்து 16 பக்கமாக அச்சிடும் முறையில் 96 பக்கம் ஆறு மடிப்போடு சரியாக முடியும். 100 பக்கம் என்றால் அந்த நான்கு பக்கத்துக்காகத் தாளும் வேலையும் கூடும். தாளின் விலை நம் கையில் இல்லை என்பதை 2022 நன்றாகவே உணர்த்தியது. அவ்வாண்டு மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன.

விநியோகத்துக்கு நம்மிடம் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. 1970களில் வீரகேசரிப் பிரசுர நாவல்கள் பத்திரிகை முகவர்கள் வழியாகச் சிற்றூர்கள்வரை சென்றன, பத்திரிகை போன பாதையில் நூலும் போயிற்று. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய மல்லிகையைத் தம் கையிலேயே சுமந்து திரிந்து விற்றார், அச்சஞ்சிகை 2012 வரை வெளிவந்தது. ஒருவர் உழைப்பில் அவ்வளவு காலம் அது நின்றது வியப்பு. ஆனால் ஒவ்வோர் எழுத்தாளரும் ஜீவாவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் அன்று. சாவகச்சேரியிலிருந்து வவுனியா, மட்டக்களப்பு, ஹற்றன், கொழும்பு என்று பத்துக் கடைகளுக்கு ஒரே பொதியில் பல எழுத்தாளர்களின் நூல்களை அனுப்பிப் பணத்தைத் தவறாமல் திரட்டித் தரும் ஒரு கூட்டு ஏற்பாடு வேண்டும். வடக்கில் நூல் எழுதுபவர்கள் சங்கம் அமைக்க விரும்பினால் முதலில் இதற்கே அமைக்கட்டும்.

கேள்வி: ‘ஏற்புரை: மண்டபத்தில் எழுத்தாளரின் உறவினர் மட்டும் மிஞ்சியிருக்கும்போது நிகழ்வது.’ வெளியீட்டு விழாக்களைச் சுருக்க வழி சொல்லுங்கள்.
(வாசகர், நல்லூர்)

பதில்: மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரைகள், வெளியீட்டுரை, முதற்பிரதி வழங்கல், சிறப்புப் பிரதிகள் வழங்கல், நயப்புரை, ஏற்புரை, நன்றியுரை என்று நிரல் போகிறது. இதில் நூலைப் பற்றிப் பேசுவது நயப்புரை ஒன்றுதான், அது வரும்போது மணி ஆறு தாண்டி, பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எழுந்துவிடுகிறார்கள். நயப்புரையையும் ஏற்புரையையும் தலைமையுரைக்கு அடுத்ததாக வைத்துவிட்டுப் பிரதி வழங்கலை இறுதிக்குக் கொண்டுபோனால், சுருக்காமலே பாதிக் குறை தீரும். சிறப்புப் பிரதி பெறவேண்டியவர்கள் அதுவரை இருந்தே தீருவார்கள், நூலைப் பற்றியும் கேட்பார்கள்.

வரிசையாக மேடையேறி என்வலப்பைக் கொடுத்து நூல் வாங்கும் வழக்கத்தைச் சிலர் கேலி செய்கிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். ஆயிரம் ரூபாய் நூலுக்கு இரண்டாயிரமோ ஐயாயிரமோ வைத்துக் கொடுக்கும் அந்த உறவினரும் அயலவருமே நம் நூல் வெளியீட்டுக்கு முதல் கொடுப்பவர்கள். வங்கியோ பெரிய நிறுவனமோ தராத பணத்தை அவர்கள் தருகிறார்கள். அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு, வாசிக்கத் தகுந்த நூலை அவர்கள் கையில் கொடுப்பது.

கேள்வி: ஐ.எஸ்.பி.என். இல்லாத நூலைத் தரமான நூலாகக் கொள்ளமுடியாது என்று போட்டி நடுவர் ஒருவர் சொன்னார். உண்மையா?
(ஆசிரியர், கிளிநொச்சி)

பதில்: இல்லை. அது நூலை இனங்காட்டும் இலக்கம், தரச் சான்றிதழ் அன்று. 2007 முதல் 13 இலக்கமாக வழங்குகிறது. 978ஐ அடுத்து வரும் 955 அல்லது 624 இலங்கையைக் குறிக்கும், அதன்பின் வெளியீட்டாளர், நூல் என்பவற்றின் இலக்கங்கள் வரும், இறுதி இலக்கம் மற்றவை பிழையாக எழுதப்பட்டனவா என்று சோதிப்பதற்கு. கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் விண்ணப்பித்துப் பெறலாம். பெற்றால் கடைக்கும் நூலகத்துக்கும் வசதி என்பதால் பெறுவது நல்லது. இலக்கம் இல்லாத காலத்தில்தான் நாவலரும் தாமோதரம்பிள்ளையும் பதிப்பித்தார்கள் என்பதை நடுவருக்கு நினைவூட்டுங்கள்.

கேள்வி: என் பேத்தி கனடாவிலிருந்து வந்தபோது, அம்மம்மாவின் கல்வெட்டைப் பார்த்து இது புத்தகமா என்று கேட்டாள். என்ன சொல்வது?
(வாசகர், ஏழாலை)

பதில்: புத்தகம் என்றே சொல்லுங்கள். கல்வெட்டு என்று நாம் சொல்லும், ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் வரும் உறவினர் கையில் கொடுக்கும் நினைவு மலரில் தேவார திருவாசகங்களும் திதி வெண்பாவும் வாழ்க்கைக் குறிப்பும் வம்சாவளியும் இருக்கும். சில குடும்பங்கள் கிடைத்தற்கரிய பழைய பிரபந்தத்தையோ ஊர் வரலாற்றையோ சேர்த்து அச்சிட்டு, மறைந்துபோக இருந்ததைக் காப்பாற்றியும் இருக்கின்றன. விற்பனைக்கு வராததால் எந்தக் கடைப் பட்டியலிலும் இது இல்லை. ஆனால் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட பின்னர், நம் சமூகத்தின் பழைய செய்திகளைத் தேடுபவர்களுக்கு வீடுகளில் தப்பியிருந்த இத்தகைய மலர்களும் ஆதாரமாயின. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற மின்னூலகத்தில் இவற்றையும் சேர்த்து வருகிறார்கள். என். செல்வராஜா ‘நூல் தேட்டம்’ தொகுதிகளில், தொகுதிக்கு ஆயிரம் நூல் வீதம், ஈழத்தவர் நூல்களுக்குக் குறிப்பெழுதி வருகிறார். அச்சிட்ட ஆண்டு, மாதம், அச்சகம், தொகுத்தவர் பெயர் ஆகிய நான்கையும் மலரின் இரண்டாம் பக்கத்தில் மறக்காமல் போடுங்கள். அவை இல்லாத மலர்கள் ஆய்வாளரைப் பெரிதும் அலைக்கழிக்கின்றன.

கேள்வி: ‘இரண்டாம் பதிப்பு’ என்று வாங்கினேன். முதற் பதிப்பிலிருந்த பிழைகள் ஒன்றும் குறையாமல் அப்படியே இருக்கின்றன.
(வாசகி, மானிப்பாய்)

பதில்: அதற்குப் பெயர் மறு அச்சு. திருத்தமோ சேர்க்கையோ செய்தால்தான் அடுத்த பதிப்பு. கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

கேள்வி: போர்க்காலத்தில் வெளிவந்த ஒரு சிறு நூல் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகியிருக்கிறது. அச்சகத்தாரின் சிக்கனமா?
(உயர்தர மாணவி, உரும்பிராய்)

பதில்: சிக்கனம் அன்று மகளே, தடை. 1990களில் குடாநாட்டுக்குப் பொருள்கள் வருவது தடுக்கப்பட்டிருந்தபோது அச்சுத் தாளும் மையும் மின்சாரமும் கிடைக்கவில்லை. பத்திரிகைகளே அப்பியாசக் கொப்பித் தாளிலும் நிறத் தாளிலும் வந்தன. மின்சாரம் இல்லாததால் காலால் மிதித்து ஓட்டும் பழைய யந்திரங்களும், ஓரெழுத்தாகப் பொறுக்கி அச்சுக்கோப்பவர்களும் மீண்டும் வேலைக்கு வந்தார்கள். அந்த நூலை ஈரம் படாமல் வைத்திருங்கள். தாள் மெலிந்தது, மின்வருடிப் பிரதி ஒன்றை இப்போதே எடுத்துவிடுவது நல்லது.

கேள்வி: என் நூலை ஒரு பதிப்பகம் ஏற்றிருக்கிறது. ‘உரிமை பதிப்பகத்துக்கு, றோயல்ரி பத்து வீதம்’ என்று வாய்ப்பேச்சில் முடித்தார்கள். நண்பர்கள், ‘றோயல்ரி: ஆசிரியருக்கு அவருடைய நூலிலேயே இருபது பிரதி கொடுப்பது’ என்று சிரிக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?
(எழுத்தாளர், காரைநகர்)

பதில்: நண்பர்கள் சிரிக்கட்டும், நீங்கள் எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை எழுதியவருக்குத் தானாகவே உண்டு, எங்கும் பதிய வேண்டியதில்லை, வாழ்நாள் முழுவதும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். ஆகவே ‘உரிமை பதிப்பகத்துக்கு’ என்ற இரண்டு சொல்லில் நீங்கள் விட்டுக்கொடுப்பது உங்கள் பேரப்பிள்ளைகளின் காலம்வரை செல்லும் ஒரு சொத்து. பதிப்பகத்துக்குத் தேவையானது அச்சு நூலாக வெளியிடும் அனுமதி மட்டுமே. அதை ஐந்தாண்டுக்கோ குறித்த எண்ணிக்கைப் பிரதிகளுக்கோ கொடுத்து, மின்னூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம், பாடநூல் ஆகிய உரிமைகளை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து வீதம் எதில் என்று கேளுங்கள். 1,000 ரூபாய் நூலில் அட்டை விலைக்குப் பத்து வீதம் என்றால் பிரதிக்கு 100 ரூபாய், கடைக் கழிவு 35 வீதம் போன பின்னர் கைக்கு வரும் தொகைக்கு என்றால் 65 ரூபாய். பணத்துக்குப் பதில் பிரதிகள் தருவதாயின், அவற்றை நீங்கள் விற்கலாமா என்பதையும் எழுதுவியுங்கள். எத்தனை பிரதி அச்சிட்டார்கள் என்பதை இரண்டாம் பக்கத்தில் குறிப்பிட வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை விற்பனைக் கணக்குத் தர வேண்டும், இருப்பு முடிந்து ஓராண்டுக்குள் மறு அச்சு வராவிட்டால் அனுமதி உங்களிடமே திரும்ப வேண்டும். இவற்றுக்கு மறுக்கும் பதிப்பகத்தோடு கோபிக்க வேண்டியதில்லை. நன்றி சொல்லிப் பிரதியைத் திருப்பி வாங்கி, வேறொருவரிடம் கொடுங்கள்.